கௌரிசங்கர் ஜப்பான் போனது

எதிர் ஃபிளாட் கௌரிசங்கர் காலேஜ் பையன் மாதிரி முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்து நின்றதைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெற்ற பிள்ளையைத் தேடிப் போகிற மனிதரைப் பார்த்துச் சிரிக்கலாமா? சிரிக்கக் கூடாதுதான். ஆனால் அந்தப் பையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது அவர் மகன் நிதின் காலேஜுக்குக் கொண்டுபோன பை. ஜிப்பில் ஒரு குட்டிச் சாமுராய் பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. பைக்குக் கீழே வழக்கமான இஸ்திரி போட்ட பேன்ட், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. ஆபீஸுக்குக் கிளம்பியவர் முதுகில் யாரோ குறும்பாக ஒரு மூட்டையைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தார்.

"போயிட்டு வரேங்க. நீலாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க," என்றார். 'கொஞ்சம்' என்கிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு நின்றது.

கௌரிசங்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷார்ஜாவில் கட்டடம் கட்டுகிற ஒரு கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். வருகிற வரைபடங்களுக்கெல்லாம் எண் போட்டு, எது பழசு எது புதுசு என்று அடுக்கி வைக்கிற வேலை. ஆளும் அப்படித்தான். ரோட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிக்னல் சிவப்பாக இருந்தால் நிற்பார். கட்டடத்தில் யாருக்கு எமிரேட்ஸ் ஐடி முடிகிறது, யாருக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று நம்மை விட அவருக்கு நன்றாகத் தெரியும். லீவு கிடைத்தால் கும்பகோணம், லீவு முடிந்தால் ஷார்ஜா. மூன்றாவதாக ஒரு ஊர் உலகத்தில் இருப்பதாகவே அவர் காட்டிக்கொண்டதில்லை. பக்கத்து துபாயில் இருக்கிற அந்த உயரமான கோபுரத்தைக்கூட விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கீழேயிருந்து பார்த்துவிட்டு வந்தவர்தான். அப்படிப்பட்ட மனிதர் ஜப்பானுக்கு, அதுவும் பையை மாட்டிக்கொண்டு, அதுவும் தனியாக.

நிதின் இங்கே பிறந்தவன். அவன் அம்மா நீலா பிரசவத்துக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ் பேசுவான், நாலு வார்த்தையில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். தமிழ் எழுத்து தெரியாது. கோட்டை, வாள், சாமுராய் என்று சின்ன வயதிலிருந்தே ஜப்பான் பைத்தியம். அனிமேஷன் படித்தான். படித்து முடித்து ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள், யாரும் வேலை விசா கொடுக்கவில்லை. அதற்குள் இருபத்தைந்து வயது வந்துவிட்டது. இருபத்தைந்தானால் ஆண் பிள்ளை அப்பாவின் விசாவில் இருக்க முடியாது. பெண்ணாக இருந்தால் கல்யாணம் வரைக்கும் இருக்கலாம். இங்கே பிள்ளை வளர்க்கிற எல்லா வீட்டிலும் அந்த வயது ஒரு பூதம்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் நடந்த சண்டை எனக்குக் கேட்டது. சுவர் மெல்லியது, காது நல்ல காது.

"சட்டம்டா. சட்டத்தை நானா போட்டேன்?" என்றார் கௌரிசங்கர்.

"நான் இங்கதானேப்பா பொறந்தேன்."

"பொறந்தா? இது நம்ம ஊர் இல்ல. நாம எல்லாருமே ஒரு நாள் பொட்டி கட்ட வேண்டியவங்கதான். நீ கொஞ்சம் முன்னாடி போற, அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு எதுப்பா ஊரு?"

"கும்பகோணம். வேறென்ன?"

"அங்க எனக்கு பஸ் போர்டுகூடப் படிக்கத் தெரியாதுப்பா."

"போய்க் கத்துக்கோ."

இதைக் கேட்டு கௌரிசங்கரைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கட்டடத்தில் பிள்ளை பெற்ற எல்லோரும் சொல்கிற வசனம்தான் அது. நானும் சொல்லியிருக்கிறேன். நம்ம ஊர் இல்லை, நம்ம ஊர் இல்லை என்று சொல்லிச் சொல்லித்தான் இருபது வருடம் முப்பது வருடம் ஓட்டுகிறோம். இங்கேயே பிறந்த ஒரு குழந்தை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பது நமக்கு உறைப்பதில்லை.

நிதின் கும்பகோணத்துக்குப் போனான். சித்தப்பா வீட்டில் சில மாதம் இருந்தான். அங்கே அவனை துபாய்க்காரன் என்றார்கள், இங்கே அவன் இந்தியன். காலேஜ் நாட்களில் போட்டோ எடுத்துச் சேர்த்து வைத்த காசில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ஜப்பானுக்குக் கிளம்பிவிட்டான். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டோ போட்டபோதுதான் வீட்டுக்கே தெரியும். முதலில் கியோட்டோ, மலை மேல் வரிசை வரிசையாகச் சிவப்பு வளைவுகள். பிறகு ஒரு கோயில். பிறகு நாரா என்கிற ஊரில் மான்கள். கடைசியாக ஹிமேஜி, வெள்ளையாக ஒரு கோட்டை. ஒரு போட்டோவிலும் அவன் முகம் இல்லை. நீலா தினமும் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "அக்கா, இன்னிக்கு எங்க போயிருக்கான் பாருங்க," என்று காட்டுவாள். கோபமும் இருந்தது, பிள்ளை ஆசைப்பட்டதைப் பார்க்கிறானே என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கோட்டைப் படத்துக்குப் பிறகு படம் வரவில்லை. நீலாவுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அம்மா, எனக்கு அலுத்துவிட்டது. எங்கே போனாலும் விருந்தாளியாகவே இருக்கிறேன். என்னைத் தேட வேண்டாம்.

அவ்வளவுதான்.

அவனுடைய பழைய நம்பருக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பெண் குரல் சொன்னது. வாட்ஸாப்பில் எழுதினால் இரண்டு டிக் விழுந்தது. போய்ச் சேர்கிறது, ஆனால் நீலமாக மாறவில்லை. அந்த இரண்டு சாம்பல் நிற டிக்கைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். இரண்டு டிக் விழுந்தால் போனில் சார்ஜ் இருக்கிறது. சார்ஜ் இருந்தால் போட்டவன் இருக்கிறான். நீலா குளிக்கப் போனால்கூட என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ரெண்டு டிக் விழுதான்னு பாத்துட்டே இருங்க," என்பாள். எழுதி எழுதி அலுத்துப்போய் கௌரிசங்கர் வாய்ஸ் மெசேஜாக அனுப்ப ஆரம்பித்தார். முதலில் திட்டு, பிறகு கெஞ்சல், பிறகு மறுபடி திட்டு. ஒன்றையும் அவன் திறக்கவில்லை.

ஜப்பானில் இருக்கிற இந்தியத் தூதரகத்துக்கு எழுதினார். மரியாதையாகப் பதில் வந்தது. அவன் மேஜர், விசா இன்னும் செல்லும், அங்கே போலீஸில் எழுதிக் கொடுத்தால் தேடுவார்கள் என்று. அந்தப் பதிலைப் படித்த அன்றைக்கே ஜப்பான் விசாவுக்குப் போட்டுவிட்டார். இங்கே குடியிருப்பவர் என்பதால் சீக்கிரம் கிடைத்தது. நீலாவின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்ததால் அவள் கூடப் போக முடியவில்லை. அவள் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

"எதுக்கு இந்தப் பை? ஒரு நல்ல பெட்டி இல்லையா வீட்டுல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அவன் இந்த மாதிரிப் பை மாட்டுறவங்க தங்கற இடத்துலதான் தங்குவான். நானும் அங்கதான் தங்கணும். பெரிய ஹோட்டல்ல போய் உக்காந்தா எப்படிக் கெடைப்பான்?"

நீலா தினமும் என் சமையலறையில்தான் இருந்தாள். தனியாக விட எனக்குப் பயம். அவர் அங்கேயிருந்து அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை இரண்டு பேரும் மேஜையில் போனை வைத்துக் கேட்போம். ஜப்பானில் அவருக்கு நடந்ததில் பாதி எனக்கு அப்படித் தெரிந்தது, மீதி அவர் பிற்பாடு சொன்னது.

கியோட்டோவில் முதல் நாள் ஒரு ஹாஸ்டலில் படுக்கை கிடைத்தது. "ஷார்ஜா வந்த புதுசுல ரோலால நான் பேச்சிலரா இருந்தப்ப ஒரே ரூம்ல பல பேரோட பெட் ஸ்பேஸ்ல திரை கட்டிப் படுத்திருந்தேனே நீலா, அதேதான். இங்க கொஞ்சம் சுத்தம், மூட்டைப்பூச்சி இல்ல. வரவேற்புல இருந்த பொண்ணுகிட்ட போட்டோவைக் காட்டினேன். பாத்த மாதிரி இருக்குன்னு சொல்லுது. அப்புறம் எல்லா இந்தியரும் ஒரே மாதிரி இருக்காங்கன்னும் சொல்லுது."

அந்தச் சிவப்பு வளைவுகள் இருக்கிற மலையில் ஏறினார். மேலே போகப் போக வளைவு, வளைவு, அதற்கு அப்பாலும் வளைவு. நடுநடுவே கல்லில் நரிச் சிலைகள், கழுத்தில் சிவப்புத் துணி. எதிரே இறங்கி வருகிற ஒவ்வொரு பையன் முகத்தையும் பார்த்துக்கொண்டே ஏறினாராம். இஸ்திரி பேன்ட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு போனில் மகன் போட்டோவை நீட்டுகிற மனிதரைப் பார்த்துச் சில பேர் பயந்து ஒதுங்கினார்கள். சில பேர் அவர் தன்னைப் படம் எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்துப் போனை வாங்கி அவரையே படம் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் இன்னும் அவர் போனில் இருக்கின்றன. வளைவுக்கு நடுவில் வியர்த்து வழிந்துகொண்டு, கையை நீட்டியபடி, என்ன நடக்கிறது என்றே தெரியாத முகத்தோடு ஒருத்தர் நிற்கிறார்.

"இங்க கோயில்ல எப்படிக் கும்பிடணும்னு தெரியல நீலா. கைதட்டுறாங்க, குனியறாங்க, மணி அடிக்கறாங்க. நான் நம்ம மாதிரியே கன்னத்துல போட்டுக்கிட்டேன். சாமிக்குப் புரியும்ல?"

நீலா போனைப் பார்த்து, "புரியும், புரியும்," என்றாள், அவர் நேரில் கேட்ட மாதிரி.

அடுத்த நாள் நிதின் படம் போட்டிருந்த அந்தக் கோயிலுக்குப் போனார். மலைச் சரிவில் மரத் தூண்களின் மேல் நிற்கிற பெரிய கோயில். அதன் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். அதற்குக் கீழே இருட்டாக ஒரு வழி. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். சுவரோரமாகப் பெரிய மணிகளைக் கோத்த மாலை கைப்பிடி மாதிரி நீளமாகப் போகிறது. அதைத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். உள்ளே சுத்தமாக வெளிச்சம் கிடையாது. தாயின் வயிற்றுக்குள் போய்த் திரும்பி வருவதாக அவர்களுக்கு நம்பிக்கையாம். நிதின் அதன் வாசல் வரிசையைத்தான் படம் எடுத்திருந்தான்.

"கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான் நீலா. எனக்கு அங்க ஒரு புத்தி. அவன் இதுக்குள்ளயே நின்னுட்டானோன்னு. வெளில வரப் பிடிக்காம ஒரு மூலைல நிக்கறானோன்னு. 'நிதின்'னு கூப்பிட்டேன். சத்தமாவே கூப்பிட்டேன். முன்னாடி போன பொம்பள பயந்து போய் ஏதோ சொன்னா. நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன், தமிழ்ல."

அந்த வாய்ஸ் மெசேஜின் கடைசியில் அவர் அழுதார். ஆபீஸில் இன்கிரிமென்ட் நிறுத்தியபோதும், அவருடைய அம்மா போன செய்தி வந்து டிக்கெட் கிடைக்காமல் இங்கேயே உட்கார்ந்திருந்தபோதும் அழாத மனிதர். நான் எழுந்து அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நாராவில் பெரிய புத்தரைப் பார்த்தார். மான்கள் தலையைக் குனிந்து பிஸ்கட் கேட்டன, ஒன்று அவர் பர்ஸில் வைத்திருந்த நிதினின் போட்டோவைத் தின்னப் பார்த்தது. போலீஸ் சாவடியில் எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தவர் வெகு பொறுமையாக, போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, பையன் என்ன நிறச் சட்டை போட்டிருப்பான் என்று கேட்டார். கௌரிசங்கருக்குத் தெரியவில்லை. என்ன சட்டை வைத்திருக்கிறான் என்பதே தெரியவில்லை. அவர் கடைசியாகப் பார்த்தபோது அவன் ஏர்போர்ட்டில் உள்ளே போய்க்கொண்டிருந்தான், இவர் அவன் விசா கேன்சல் பேப்பரின் நகலில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் சொன்னபோது நீலா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நாட்களில் பால்கனி என்றாலே எனக்கு ஆகவில்லை.

ஹிமேஜிக்குப் போக அவருக்குப் பயம். எல்லா இடமும் போய்விட்டு அதைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அதுதான் நிதின் போட்ட கடைசிப் படம். அது உயரமான கோட்டை. அவர் வாயால் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மூன்று பேர் மனதிலும் ஒரே நினைப்புதான் ஓடியது.

வெள்ளைக் கோட்டைக்குள் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். உள்ளே எல்லாம் மரம். படி செங்குத்தாக, ஏணி மாதிரி. மற்றவர்கள் தூணைப் பார்க்கிறார்கள், ஈட்டி மாட்டுகிற கொக்கியைப் பார்க்கிறார்கள். கௌரிசங்கர் ஒவ்வொரு மாடியிலும் ஜன்னலுக்கு ஓடினார். ஜன்னலில் கனமான கட்டைகள் குறுக்கே இருந்தன. ஒரு ஆள் நுழைய முடியாது. இரண்டு கட்டைக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தாராம், தோள் போகிறதா என்று தோளைச் சாய்த்துப் பார்த்தாராம். காவலாளி வந்து பணிவாகத் தலையை ஆட்டினார். மேல் மாடியில் சின்னதாக ஒரு சந்நிதி இருந்தது. அதன் முன்னால் கும்பிட்டு, கட்டை வைத்துக் கட்டினவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே வந்தால் ஒரு கிணறு. வேலைக்காரப் பெண் ஒருத்தியைக் கொன்று அதில் போட்டதாக ஒரு பழைய கதை பலகையில் எழுதியிருந்தது. படித்துவிட்டு கௌரிசங்கர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மேலே கம்பி வலை போட்டிருந்தது. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து போனை எடுத்து நிதினுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். டேய், கெணத்துலகூடப் பாத்துட்டேன்டா, என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் விட்டுவிட்டார். இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

"ஏனுங்க, தமிழுங்களா?" என்று ஒரு குரல்.

தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக, அறுபதைத் தாண்டிய ஒருவர். முதுகில் பெரிய பை. பெயர் ராமையா, பொள்ளாச்சி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊர் சுற்றக் கிளம்பியவர். தமிழில் அழுகிற சத்தம் கேட்டு வந்திருக்கிறார். கௌரிசங்கர் யாரிடமும் வீட்டு விஷயம் பேசாதவர். அன்றைக்கு முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் கொட்டித் தீர்த்துவிட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராமையா கேட்டார்: "சரிங்க. கூப்புட்டுப் பாத்தீங்களா?"

"நம்பர் ஆஃப் பண்ணியிருக்கான் சார்."

"அதுல இல்லீங்க. வாட்ஸாப்புல. மெசேஜ் போகுதுன்னு சொன்னீங்கள்ல?"

"வாட்ஸாப்ல கால் போகாதே."

"அதென்னங்க போகாது? காலைல எங்கூட்டுக்காரம்மாகிட்ட அரை மணி நேரம் திட்டு வாங்குனனுங்க, இதுலதான்."

இதைப் படிக்கிற நீங்கள் ஊரில் இருந்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். நாங்களும் அடித்துக்கொண்டோம். ஆனால் எங்கள் கதை வேறு. எமிரேட்ஸில் வாட்ஸாப் கால் வேலை செய்யாது, தடுத்து வைத்திருக்கிறார்கள். மெசேஜ் போகும், படம் போகும், வாய்ஸ் போகும். பேச மட்டும் முடியாது. அந்தப் போன் படம் போட்ட பொத்தான் எங்கள் யாருக்கும் கண்ணில் படுவதே இல்லை. வருடக்கணக்கில் அமுக்காத விரல் அது. ஷார்ஜாவில் இருக்கும்போது அமுக்கிப் பயனில்லை, சரி. ஜப்பானில் இறங்கி, கியோட்டோ, நாரா என்று அலைந்து, இருட்டுக்குள் பெயரைச் சொல்லிக் கத்தி, கிணற்றில் எட்டிப் பார்த்த மனிதருக்குக் கையில் இருந்த போனை எடுத்துப் பிள்ளையைக் கூப்பிடத் தோன்றவில்லை. எங்களுக்கும் இங்கேயிருந்து சொல்லத் தோன்றவில்லை.

கௌரிசங்கர் அமுக்கினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"நிதின்? டேய், நிதின்? ஹலோ!"

ஒன்றும் இல்லை. திரையில் கனெக்டிங் என்று வந்தது. அப்படியே இருந்தது. அறுந்தது.

மறுபடி அடித்தார். எடுத்தார்கள். கனெக்டிங். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அறுந்தது. மூன்றாவது தடவையும் அதேதான்.

"டவர் இல்லாம இருக்குமுங்க," என்றார் ராமையா. "எங்காச்சும் மலைப்பக்கம் இருப்பானாட்ட இருக்குது. மனசை விட்றாதீங்க."

கௌரிசங்கர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கல்லை விட்டு எழுந்து நின்றார்.

"இது டவர் இல்ல சார். எனக்குத் தெரியும் இது. என் தம்பி கும்பகோணத்துலேர்ந்து மறந்துபோய் வாட்ஸாப்ல கூப்பிடுவான். மணி அடிக்கும், நாங்க எடுப்போம், பேச்சு வராது. கனெக்டிங், கனெக்டிங்னு நின்னு அறுந்துடும். வெளிலேர்ந்து கூப்பிட்டா எங்க ஊர்ல மட்டும்தான் சார் இப்படி ஆகும்." அவருக்கு மூச்சு வாங்கியது. "அவன் எங்க ஊர்ல இருக்கான் சார். ஷார்ஜால இருக்கான்."

எங்க ஊர் என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு இங்கே காலை வேளை, நீலாவைக் கட்டாயப்படுத்தி ஒரு இட்லி சாப்பிட வைத்துக்கொண்டிருந்தேன். சாதாரண லைனில், நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு போகிற காலில், அவர் கூப்பிட்டார். நீலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீலா, அவன் அங்கதான் இருக்கான்."

"எங்க?"

"அங்கதான். நம்ம ஊர்ல. உன் பக்கத்துல எங்கயோ."

நீலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மனிதருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். மணி அடித்ததையும் பேச்சு வராததையும் அவர் விளக்கி முடித்ததும் நீலா இட்லிக் கையோடு எழுந்துவிட்டாள். எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். நான் மட்டும், ஒருவேளை திருடின போனோ, விற்றுவிட்ட போனோ, எடுத்தது வேறு யாரோ என்று வாயைத் திறக்கப் போனேன். நல்லவேளை, திறக்கவில்லை.

அந்தப் பக்கம் நடந்ததை நிதின் பிறகு சொன்னான். ஜப்பானிலிருந்து அவனுக்குக் கும்பகோணம் போகப் பிடிக்கவில்லை. நெட்டில் ஒரு டிராவல்ஸ் மூலமாக விசிட் விசா எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்து இறங்கியிருக்கிறான். பிறந்த ஊருக்கு டூரிஸ்டாக. ரோலாவில் ஒரு பெட் ஸ்பேஸில் படுத்துக்கொண்டு, தினமும் எங்கள் கட்டடத்துக்கு எதிரே மணல் பார்க்கிங்கில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான். அப்பா வேலையில் இருப்பார், மாலையில் வந்து திட்டுவார், நம்ம ஊர் இல்லை என்பார் என்று நினைத்துக்கொண்டு மேலே வராமலே திரும்பியிருக்கிறான். அவர் வாய்ஸ் மெசேஜையெல்லாம் அதனால்தான் திறக்கவில்லை. திட்டுதானே என்று.

அன்றைக்கு வாட்ஸாப்பில் மணி அடித்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனும் இங்கே வளர்ந்த பிள்ளை. ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு அப்பா ஒருநாளும் வாட்ஸாப்பில் கூப்பிட மாட்டார். கூப்பிடுகிறார் என்றால் அப்பா இந்த ஊரில் இல்லை. எடுத்தான், பேச்சு வரவில்லை. மூன்று தடவையும் எடுத்தான். பிறகு அந்த வாய்ஸ் மெசேஜ்களை முதலிலிருந்து திறந்தான். திட்டைக் கேட்டான். கெஞ்சலைக் கேட்டான். சிவப்பு வளைவில் ஏறிக்கொண்டே மூச்சிரைக்கப் பேசியதைக் கேட்டான். கிணற்றில்கூடப் பார்த்துவிட்டேன்டா என்றதைக் கேட்டான்.

எங்களுக்கு முதலில் தெரிந்தது டிக் நீலமானதுதான். அங்கே கோட்டை வாசலில் கௌரிசங்கருக்கு வாய்ஸ் மெசேஜ்களின் மைக் படமும் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டே வந்ததாம். ராமையாவிடம் போனைக் காட்டி, "கேக்கறான் சார், கேக்கறான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர்களுடைய குடும்ப குரூப்பில் நிதின் எழுதினான். ஆங்கிலத்தில்தான். கீழே நிற்கிறேன். மேலே வரலாமா? விசிட் விசாதான்.

நீலா படித்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. செருப்பில்லாமல் படியில் இறங்கி ஓடினாள். நான் கதவைப் பூட்டக்கூட இல்லை, பின்னாலேயே ஓடினேன். கட்டட வாசலில், பக்காலா என்கிற மளிகைக் கடையின் குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் அவன் நின்றான். கன்னம் ஒட்டிப்போய், தாடி வளர்ந்து, ஒரு துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. நீலா அவன் தோளில் ஒரு அடி அடித்தாள். இரண்டாவது அடிக்குக் கை எழும்பவில்லை, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஆனாலும் அவன் அசையவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா கூப்பிட்டுவிட்டாள். அவன் கேட்டது அப்பாவை.

போன் ஒலித்தது. கௌரிசங்கரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். நிதின் அமுக்கினான். எனக்கும் கேட்டது. காற்று. எங்கேயோ ஒரு காக்கை. ராமையாவின் குரல் தள்ளியிருந்து, "இந்தாங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க," என்றது. மீதி முழுக்க அந்த மனிதர் அழுத அழுகை. ஒரு வார்த்தை இல்லை. பேச வாயைத் திறப்பது கேட்கிறது, பேச்சு வரவில்லை, மறுபடி திறக்கிறார், மறுபடியும் வரவில்லை.

நிதின் அதை முடிகிற வரைக்கும் கேட்டான். பிறகு யாரையும் எதுவும் கேட்காமல், அம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு உள்ளே போய், லிஃப்டில் எங்கள் மாடிக்கான பொத்தானை அமுக்கினான்.